மீன் வயிற்றில் உருளைப்புழு: எந்த உறுப்பில் இருக்கிறது என்று பாருங்கள்

ஞாயிற்றுக்கிழமை காலை தருமபுரியிலோ கிருஷ்ணகிரியிலோ மீன் கடை முன் நின்றால் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். அயிலையின் வயிற்றைக் கீறும்போது குடலோடு சேர்ந்து வெள்ளை நூல் மாதிரி ஒன்று வெளியே வருகிறது. சில நேரம் அது நெளியவும் செய்கிறது. "என்னங்க, கெட்டுப்போன மீனைக் குடுக்கறீங்க" என்று வாங்க வந்தவர் சத்தம் போடுவார். "அது குடலுங்க, ஒண்ணும் ஆகாது" என்பார் வெட்டுபவர். பெரும்பாலும் இரண்டு பேர் சொல்வதும் சரியில்லை. அது குடல் இல்லை. மீன் கெட்டதால் வந்ததும் இல்லை. மீன் கடலில் நீந்திக்கொண்டிருந்தபோதே அதற்குள் குடியேறிவிட்ட உருளைப்புழு அது. அது நெளிந்தால், மீன் உறையவைக்கப்படாமல் ஐஸில் மட்டும் வந்திருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம்.

'புழு' என்ற ஒரே சொல்லில் நாம் பலவற்றை அடக்கிவிடுகிறோம். குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. ஈ மொய்த்த மீனில் வரும் புழு வேறு. ஈயின் முட்டையிலிருந்து வரும் அந்தப் புழு ஒரு முனை கூம்பி, மறுமுனை தடித்து, உடம்பில் வளையம் வளையமாக இருக்கும். செவுள், வாய், வெட்டுக்காயம் போன்ற திறந்த இடங்களில்தான் உட்காரும். அதைக் கண்டால் மீனைத் தூக்கி எறியத்தான் வேண்டும். கருவாட்டில் மயிரோடு ஓடும் பழுப்புப் புழு ஒரு வகை வண்டின் குட்டி. மீனின் வாய்க்குள் கரப்பான் குஞ்சு போல உட்கார்ந்திருப்பது இறால், நண்டுக்குத் தூரத்து உறவான ஒட்டுண்ணி. சதைக்குள் வெள்ளை அரிசி போல் சிதறிக் கிடப்பது பெரும்பாலும் நாடாப்புழுவின் இளம்பருவம். இவை போக, இரைப்பையும் குடலும் சேரும் இடத்தில் கொத்தாக விரல்கள் போலத் தொங்கும் சிறு குழாய்கள் பல மீன்களில் உண்டு. அவை செரிமானத்துக்கான உறுப்புகள். வஞ்சிரத்திலும் அயிலையிலும் அவற்றைப் பார்த்துப் பயந்தவர்கள் ஏராளம். அந்தக் குழாய்களைப் பிடித்து இழுத்தால் குடலோடுதான் வரும், உருளைப்புழு தனியாகக் கழன்று வரும்.

உருளைப்புழுவின் உடம்பில் வளையம் இருக்காது. வழவழப்பாக, இரண்டு முனையும் ஒடுங்கி, நூல் துண்டு போல இருக்கும். இவற்றில் அதிகம் பேசப்படுவது அனிசாகிஸ். அதன் இளம்புழு 2 முதல் 3 சென்டிமீட்டர் நீளம், வெள்ளை நிறம். கடிகாரச் சுருள் மாதிரி வட்டமாகச் சுருண்டு, மெல்லிய உறைக்குள் மிளகு அளவில் குடல்மேலும் ஈரல்மேலும் ஒட்டியிருக்கும். குளிர்ந்த கடல்களின் காட் மீனில் வரும் சூடோடெர்ரனோவா அதைவிடப் பெரிது, பழுப்புச் சிவப்பு. கான்ட்ராசீகம், ஹிஸ்டெரோதைலாசியம் என்ற இரண்டு உறவினர்களும் உண்டு. கண்ணால் பார்த்து இவற்றைப் பிரித்துச் சொல்வது கடினம். அதற்கு நுண்ணோக்கியும் மரபணுச் சோதனையும் தேவை.

மீன் ஒரு வழித்தங்கல்

அனிசாகிஸ் முழுதாக வளர்ந்து முட்டையிடுவது மீனுக்குள் இல்லை. டால்பின், திமிங்கிலத்தின் இரைப்பைக்குள். முட்டைகள் அவற்றின் கழிவோடு கடலில் கலக்கின்றன. முட்டைக்குள்ளேயே புழு சில முறை தோலுரித்து வெளிவருகிறது. கூனி இறால் போன்ற மிகச் சிறிய உயிர்கள் அதை விழுங்குகின்றன. அவற்றை மீனும் கணவாயும் தின்கின்றன. மீனின் குடல்சுவரைத் துளைத்துக்கொண்டு வயிற்றறைக்குள் போன புழு, அங்கே சுருண்டு காத்திருக்கத் தொடங்குகிறது. டால்பின் வந்து அந்த மீனைத் தின்றால்தான் அதன் பயணம் முடியும்.

அந்தக் காத்திருப்பு ஆண்டுக்கணக்கில் நீளலாம். சின்ன மீனைப் பெரிய மீன் தின்றாலும் புழு சாவதில்லை. பெரிய மீனின் குடலைத் துளைத்து மறுபடியும் சுருண்டுகொள்ளும். ஒரு மீன் வாழ்நாளெல்லாம் விழுங்கிய புழுக்கள் அதன் வயிற்றில் சேர்ந்துகொண்டே போகின்றன. ஒரே இனத்தில் வயதான பெரிய மீனில் அதிகமாகவும் குட்டி மீனில் குறைவாகவும் புழு இருப்பதற்குக் காரணம் இதுதான். மற்ற மீன்களைத் தின்று வாழும் வாளை, சீலா, பாறை போன்றவற்றின் வயிற்றைக் கொஞ்சம் கூடுதலாகக் கவனிக்க வேண்டியதும் இதனால்தான்.

வெப்பக் கடல்களில் டால்பின்களைச் சார்ந்து வாழ்வது அனிசாகிஸ் டிபிகா என்ற இனம். வங்காள விரிகுடாவிலும் அரபிக் கடலிலும் டால்பின் கூட்டங்கள் உண்டு, ஆகவே புழுவும் உண்டு. 2020-இல் அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பல பத்தாண்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, 1978-க்கும் 2015-க்கும் இடையில் மீன்களில் அனிசாகிஸின் எண்ணிக்கை 283 மடங்கு பெருகியதாகக் கணக்கிட்டார்கள். அதே காலத்தில் சூடோடெர்ரனோவா அப்படிப் பெருகவில்லை. வேட்டைத் தடைக்குப் பிறகு கடல் பாலூட்டிகள் மீண்டு வந்தது இதற்கு ஒரு காரணமாக இருக்கலாம் என்கிறார்கள். புழு நிறைந்த கடலைச் சீரழிந்த கடல் என்று முடிவு கட்ட முடியாது. கூனி, மீன், டால்பின் என்று எல்லாக் கண்ணியும் உயிரோடு இருந்தால்தான் இந்தப் புழுவால் வாழ முடியும்.

மீனுக்கு என்ன ஆகிறது

புழு எந்த உறுப்பில் இருக்கிறது, எத்தனை இருக்கிறது என்ற இரண்டைப் பொறுத்துத்தான் மீனுக்கு வரும் தீங்கு அமைகிறது.

வயிற்றறைச் சவ்வில் நாலைந்து புழு சுருண்டிருந்தால் மீனுக்குப் பெரிய இழப்பில்லை. மீனின் உடல் அதைச் சும்மா விடுவதும் இல்லை. நோய் எதிர்ப்புச் செல்கள் புழுவைச் சூழ்கின்றன, அதைச் சுற்றி நார்த்திசு அடுக்கடுக்காகப் படிகிறது. நாம் பார்க்கும் அந்த மெல்லிய உறை மீன் கட்டிய சுவர்தான். சில நேரம் அதில் கருநிறமி படிந்து பழுப்புப் புள்ளியாகத் தெரியும். உள்ளே புழு சாவதில்லை, மீன் உயிரோடு இருக்கும்வரை பெரும்பாலும் வெளியே வருவதும் இல்லை. ஆனால் ஒவ்வொரு சுவரும் மீன் தன் உணவிலிருந்து செலவழித்துக் கட்டியது. நூற்றுக்கணக்கில் கட்ட வேண்டி வந்தால் வளர்ச்சிக்கும் சினைக்கும் போக வேண்டிய சத்து அங்கே போய்விடுகிறது.

ஈரலுக்குள் போனால் கதை மாறுகிறது. பால்டிக் கடலின் காட் மீனில் இது நன்றாகப் பதிவாகியிருக்கிறது. அங்கே சாம்பல் நிறச் சீல்கள் என்ற கடல் பாலூட்டிகள் மறுபடி பெருகியபோது, அவற்றின் இரைப்பையில் வாழும் கான்ட்ராசீகம் புழுவும் காட் மீனின் ஈரலில் பெருகியது. காட் தன் கொழுப்பைச் சேமித்து வைப்பது ஈரலில்தான். அந்தச் சேமிப்பறையில் புழுக்கள் குடியேறியதும் ஈரல் சுருங்கி, மீன் மெலிந்து, உடல் எடை நீளத்துக்குப் பொருந்தாமல் போனது. பால்டிக் காட் மெலிந்ததற்கு ஆக்சிஜன் குறைவு, இரைக்குறைவு என்று வேறு காரணங்களும் உண்டு. ஆனால் ஈரல் நிறையப் புழுவோடு வரும் மீன் மெலிந்தே இருக்கிறது என்பது திரும்பத் திரும்பக் காணப்பட்ட உண்மை.

எனக்கு இவற்றில் மிகவும் கொடியதாகத் தெரிவது சினைப்பையில் குடியேறும் ஃபிலோமெட்ரா. கலவா, சங்கரா, கத்தாழை போன்ற மீன்களின் சினையைப் பிரிக்கும்போது இரத்தச் சிவப்பில், தடித்த நூல் போல, சில நேரம் ஒரு சாண் நீளத்துக்கு வருவது அதன் பெண் புழு. ஆண் சில மில்லிமீட்டர்தான், கண்ணில் படாது. பெண் புழு மீனின் இரத்தத்தைக் குடித்து வளர்கிறது. அதைச் சுற்றியுள்ள முட்டைகள் வாடிச் சுருங்குகின்றன, சினைப்பையில் இரத்தக் கசிவும் தழும்பும் உண்டாகின்றன. அது வெளியேறும் விதம் வியப்பானது. மீன் முட்டையிடும் நேரத்தில் புழுவும் உடன் வெளியே வருகிறது. கடல்நீர் பட்டதும் அதன் உடல் வெடித்து, உள்ளே நிரம்பியிருக்கும் ஆயிரக்கணக்கான குட்டிகள் நீரில் சிதறுகின்றன. துடுப்புக்காலி என்ற மிகச் சிறிய நீருயிர் அவற்றை விழுங்க, சுற்று மறுபடி தொடங்குகிறது. மீனின் இனப்பெருக்கக் காலத்தையே தன் இனப்பெருக்கத்துக்குக் கடிகாரமாக வைத்திருக்கும் இந்தப் புழு மீனைக் கொல்வதில்லை. அடுத்த தலைமுறையைக் குறைத்துவிடுகிறது. மனிதருக்கு இதனால் நோய் வருவதில்லை. அந்தச் சினையை ஒதுக்கிவிட்டு மீனைச் சமைக்கலாம்.

காற்றுப்பையிலும் உருளைப்புழு உண்டு. ஆங்குவில்லிக்கோலா கிராசஸ் என்ற புழு ஜப்பானிய விலாங்கில் காலங்காலமாக இருந்தது. அந்த விலாங்கு அதைத் தாங்கப் பழகியிருந்தது. உயிர் விலாங்கு வணிகத்தோடு 1980-களின் தொடக்கத்தில் அது ஐரோப்பாவுக்குப் போய்ச் சேர்ந்தது. ஐரோப்பிய விலாங்குக்கு அந்தப் பழக்கம் இல்லை. இரத்தம் குடிக்கும் புழுவால் காற்றுப்பையின் சுவர் தடித்து, தழும்பேறி, காற்றைப் பிடித்து வைக்க முடியாமல் போகிறது. முட்டையிட அட்லாண்டிக்கைக் கடந்து சர்காசோ கடல் வரை 5,000 கிலோமீட்டருக்கு மேல் நீந்த வேண்டிய மீனுக்கு, ஆழத்துக்கேற்ப மிதக்க உதவும் உறுப்பே பழுதாகிவிடுகிறது. பழகிய மீனில் அடங்கிக் கிடக்கும் ஒட்டுண்ணி புதிய மீனில் ஏன் வெறியாட்டம் போடுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு மீன் உலகில் குறைவு.

ஆற்றுக்குத் திரும்பும் அட்லாண்டிக் சால்மனில் 2000-களின் நடுவில் கழிவுத்துளை வீங்கிச் சிவந்து இரத்தம் கசிவது கண்டறியப்பட்டது. அங்கே குவிந்திருந்தவை அனிசாகிஸ் இளம்புழுக்கள். இன்னொரு பக்கம், குடலின் உள்ளே வாழும் முதிர்ந்த ஹிஸ்டெரோதைலாசியம் பெரிய மீனுக்கு அதிகத் தொல்லை தருவதில்லை. ஆனால் நகம் அளவுகூட இல்லாத மீன் குஞ்சு ஒரே ஒரு புழுவை விழுங்கினாலும் அதன் உயிருக்கு ஆபத்து.

கடலிலிருந்து மேடு வரை

நம் இரண்டு மாவட்டத்துக்கும் கடல் சாலைவழியில் ஏறக்குறைய 200 கிலோமீட்டர். கிழக்குக் கரையிலிருந்து வந்தாலும் மங்களூர்ப் பக்கத்திலிருந்து வந்தாலும், வலையில் ஏறிய மீன் நம் கடைப் பலகைக்கு வருவதற்குள் ஒரு நாளாவது ஆகிவிடும். படகிலேயே பல நாள் ஐஸில் கிடந்த மீனும் உண்டு. மத்தி, அயிலை, சங்கரா, கிழங்கான் எல்லாம் குடல் எடுக்காமல்தான் வருகின்றன. ஐஸ் மீன் கெடுவதைத் தடுக்கும், புழுவைக் கொல்லாது. பூஜ்ஜியம் முதல் 4 டிகிரி வரையுள்ள குளிரில் அனிசாகிஸ் வாரக்கணக்கில் உயிரோடு இருக்கும்.

மீன் செத்த பிறகு, வயிற்றறையில் இருந்த புழுக்களில் சில சதைக்குள் நகரக்கூடும். எல்லா மீனிலும் இது ஒரே அளவில் நடப்பதில்லை. கொழுப்பு மிகுந்த மீனிலும், ஐஸ் குறைந்து வெப்பம் ஏறிய மீனிலும் வாய்ப்பு அதிகம். முதலில் போய்ச் சேரும் இடம் குடலை மூடியிருக்கும் மெல்லிய வயிற்றுத் தசை. ஆகவே மீன் வாங்கியதும் குடலை எடுப்பதைத் தள்ளிப்போடக் கூடாது. மீனை முழுசாக ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு மாலையில் ஆயலாம் என்று விடுவது தவறு. கடையிலேயே ஆய்ந்து வாங்குங்கள். வயிற்றறைக்குள் முதுகெலும்பை ஒட்டி ஓடும் கருஞ்சிவப்பு இரத்தக்கோட்டையும் உள்சவ்வையும் விரலால் உரித்துக் கழுவுங்கள். வயிறு வெடித்த மத்தியை வாங்காதீர்கள். குடலின் செரிமான நீரே வயிற்றைக் கரைத்துவிட்ட அறிகுறி அது, பழசு என்று பொருள்.

பெரிய மீனில் வயிற்றுப்பக்கத் துண்டை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். ஏற்றுமதி ஆலைகளில் கண்ணாடி மேசைக்கு அடியில் விளக்கு வைத்துப் பார்ப்பதும் இதே முறைதான். வீட்டில் போன் டார்ச் போதும். வெள்ளைச் சதையில் சுருள் தெரியும். அயிலை, சூரை போன்ற கறுத்த சதையில் இந்த முறை ஏமாற்றும். கத்தி முனையால் சுருளைக் கிள்ளி எடுத்துவிட்டால் அந்தத் துண்டைத் தாராளமாகச் சமைக்கலாம். ஒரே துண்டில் பல சுருள் தெரிந்தால் வயிற்றுத் தசை முழுவதையும் வெட்டி எறிந்துவிடுவது நல்லது.

எது கொல்லும், எது கொல்லாது

எலுமிச்சை, வினிகர், புளி, உப்பு, மஞ்சள் தடவி ஒரு மணி நேரம் ஊறவைத்தால் புழு செத்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். சாகாது. டால்பினின் இரைப்பை அமிலத்தில் குடியிருக்கவே உருவான புழுவை எலுமிச்சைச் சாறு என்ன செய்யும்?

சூடு கொல்லும். துண்டின் நடுப்பகுதி 60 டிகிரி செல்சியஸை எட்டி, ஒரு நிமிடமாவது அப்படியே இருக்க வேண்டும் என்பது ஐரோப்பிய விதி. நம் குழம்பு கொதிப்பது கிட்டத்தட்ட 100 டிகிரியில். 2 சென்டிமீட்டர் துண்டு பத்து நிமிடம் கொதித்தால் அங்கே பேச்சுக்கே இடமில்லை. சிக்கல் வறுவலில்தான் வருகிறது. கல் அதிகமாகக் காய்ந்திருந்தால் மசாலா கருகி, வெந்தது போலத் தோன்றும். எலும்பை ஒட்டிய சதை இன்னும் கண்ணாடி போல இருக்கும். வஞ்சிரத்தை ஒரு விரல் தடிமனுக்கு மேல் வெட்டாமல், மிதமான தீயில், மூடி போட்டு இரண்டு பக்கமும் வேகவிடுங்கள். எலும்பை நெருங்கிய இடம் வெள்ளையாகி, சதை இதழ் இதழாகப் பிரிந்து, எலும்பு தானாகக் கழன்றால் வெந்துவிட்டது. மைக்ரோவேவில் சூடு ஒரே சீராகப் பரவாததால் அதை மட்டும் நம்ப வேண்டாம்.

உறைய வைத்தாலும் சாகும், ஆனால் அளவு முக்கியம். மீனின் எல்லாப் பகுதியும் மைனஸ் 20 டிகிரியில் 24 மணி நேரம் என்கிறது ஐரோப்பிய விதி. அமெரிக்க வழிகாட்டுதல் மைனஸ் 20-இல் 7 நாள். பார்த்தால் முரண் போலத் தெரியும். முதலாவது, நடுப்பகுதியும் அந்தக் குளிரை எட்டிய பிறகு எண்ணத் தொடங்குகிறது. இரண்டாவது, மொத்த நேரத்தைச் சொல்கிறது. வீட்டு ஃப்ரீசர் பெரும்பாலும் மைனஸ் 18 சுற்றித்தான் நிற்கும், அடிக்கடி திறக்கப்படும், கரண்டும் போகும். ஆகவே துண்டுகளை ஒற்றை அடுக்காகப் பரப்பி, 7 நாளுக்குக் குறையாமல் வைப்பதே பாதுகாப்பு. ஐஸ் கட்டி தயாராகும் தட்டில் வைத்தாலே போதும் என்று நினைக்காதீர்கள்.

களிக்குத் தொட்டுக்கொள்ளும் கருவாட்டுக்கு வருவோம். உப்பு சதை முழுவதும் ஊறி, வெயிலில் ஈரம் வற்றிக் கல் போல ஆன கருவாட்டில் உருளைப்புழு பிழைத்திருக்காது. எடை கூட இருக்கட்டும் என்று அரைக் காய்ச்சலில் விற்கப்படும், அமுக்கினால் மெத்தென்று இருக்கும் கருவாட்டுக்கு அந்த உத்தரவாதம் கிடையாது. அதில் ஈப்புழுவும் எளிதில் வரும். எதுவானாலும் குழம்பில் கொதித்துத்தானே வருகிறது. நம் சமையல் வழக்கம் நமக்குப் பெரிய காவல்.

மனித வயிற்றில்

மனிதருக்கு வரும் இந்த நோயை 1960-இல் நெதர்லாந்தில் முதலில் விளக்கினார்கள். அங்கே லேசாக உப்பிட்ட ஹெர்ரிங் மீனைப் பச்சையாகத் தின்பது வழக்கம். 1968-இல் ஹெர்ரிங்கை உறைய வைத்த பிறகே விற்க வேண்டும் என்று சட்டம் வந்ததும் நோய் ஏறக்குறைய மறைந்தது. இன்று உலகில் பதிவாகும் பெரும்பாலான நோயாளிகள் ஜப்பானியர். பச்சை மீன் தின்னாத நம் நாட்டில் இது மிக அரிது. ஆனால் ஓசூரிலிருந்து பெங்களூரு போய் சுஷி தின்று வருபவர்களும், அரைவேக்காட்டு கிரில் மீன் கேட்பவர்களும் இப்போது நம்மிடையே இருக்கிறார்கள்.

விழுங்கிய சில மணி நேரத்தில் மேல்வயிற்றில் திருகிப் பிடிக்கும் வலியும் வாந்தியும் வரும். டால்பின் வயிறு என்று நினைத்த புழு இரைப்பைச் சுவரைத் துளைக்கப் பார்க்கிறது. மனித உடலில் அதனால் வளர முடியாது, சில வாரங்களுக்குள் செத்துவிடும். ஆனால் அதுவரை பொறுப்பது கடினம். எண்டோஸ்கோப்பி வழியாகப் புழுவைப் பிடித்து எடுத்ததும் வலி அடங்கும். "நேற்று இன்ன மீன், பச்சையாக அல்லது அரைவேக்காட்டில் சாப்பிட்டேன்" என்று மருத்துவரிடம் நீங்களே சொல்ல வேண்டும். கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். அல்சர், குடல்வால் என்று திசைமாறாமல் இருக்க அந்த ஒரு வரி உதவும்.

இன்னொன்று ஒவ்வாமை. இந்தப் புழுவின் சில புரதங்கள் சூட்டிலும் சிதைவதில்லை. நன்றாக வெந்த மீனைத் தின்றும் உடம்பெல்லாம் தடிப்பு, உதடு வீக்கம், மூச்சிரைப்பு என்று சிலருக்கு வருவதற்குச் செத்த புழுவும் காரணமாகலாம். ஒரு முறை வந்தவர்கள் ஒவ்வாமை மருத்துவரைப் பார்க்காமல் மறுபடி கடல் மீனைச் சோதித்துப் பார்க்கக் கூடாது.

டேம் மீனில்

"அதுக்குத்தான் நாங்க டேம் மீன் மட்டும் வாங்கறோம்" என்பவர்களுக்கு: கிருஷ்ணகிரி அணையிலும் ஒகேனக்கல்லிலும் டால்பின் இல்லை, அதனால் அனிசாகிஸ் இல்லை. ஆனால் டால்பினின் இடத்தில் இங்கே நீர்க்காகமும் கொக்கும் நாரையும் இருக்கின்றன. அவற்றின் வயிற்றில் முதிரும் நன்னீர்க் கான்ட்ராசீகமும் யூஸ்ட்ராஞ்சிலைடிஸும் இதே மாதிரி மீனுக்குள் காத்திருப்பவை. விரால் வயிற்றில் சிவப்பாக, தடித்துச் சுருண்டு வருவது பெரும்பாலும் இரண்டாவது. கட்லா, ரோகு போன்றவை மீனைத் தின்பதில்லை என்பதால் அவற்றில் இப்படிப் புழு சேர்வது குறைவு. விரால், கெளுத்தியில் கூடுதல்.

பண்ணைக் குட்டை வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஐரோப்பாவில் உலர் தீவனத்தில் மட்டுமே வளர்ந்த பண்ணைச் சால்மனுக்கு உறைய வைக்கும் விதியிலிருந்து விலக்கு உண்டு, ஏனென்றால் தயாரிக்கும்போதே சூடேற்றப்பட்ட தீவனத்தில் புழு உயிரோடு இருக்காது. நம் குட்டையில், தீவனச் செலவு மிச்சம் என்று மீன் கடைக் குடலையும் செவுளையும் பச்சையாகக் கொட்டினால் புழுவுக்கு நாமே வாசலைத் திறந்துவிடுகிறோம். கொட்டித்தான் ஆக வேண்டும் என்றால் முழுசாகக் கொதிக்க வைத்து, ஆறவைத்துப் போடுங்கள். வீட்டில் மீன் ஆய்ந்த கழிவையும் ஏரியிலோ வாய்க்காலிலோ வீசாமல், நாயும் காக்கையும் தோண்டாத ஆழத்தில், ஒன்றரை அடிக் குழியில் மண் மூடிப் புதைத்துவிடுங்கள். தென்னையடியில் புதைத்தால் மரத்துக்கும் உரம்.